ஓக் மரத்துப் புல்லுருவி

செப்டம்பர் 14, ஞாயிறு

மகள் பொன்மதியின் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஆகிறது. இங்கிலாந்தின் மேற்கு ஓரம், வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்து ஊர். ஊர்ப் பெயரில் பாதி எழுத்தைச் சொல்லவே கூடாதாம், அதனால் நான் முழுப் பெயரையுமே சொல்வதில்லை. சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று சங்கரன்கோவிலில் சொல்லிவிட்டு வந்தோம். வந்த வேலை பேரனைப் பார்த்துக்கொள்வது. மகளுக்கு ஆஸ்பத்திரியில் ஷிப்ட், மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டரில் ஷிப்ட். இந்த ஊரில் ஆயா வைப்பதைவிட அப்பா அம்மாவுக்கு விமான டிக்கெட் எடுப்பது மலிவு. மார்ச் முதல் வாரம் திரும்ப வேண்டும்.

டைரி எழுதுகிற ஆள் இல்லை நான். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன், எழுதியதெல்லாம் ட்ரிப் ஷீட். படிப்பு பத்தாவது, அதிலும் தமிழ் மட்டும்தான் சொல்லிக்கொள்ளும்படி. இங்கிலீஷ் மெதுவாகப் பேசினால் புரியும், பதில் பேச வராது. இப்போது எழுதக் காரணம், இந்த வீட்டில் என்னோடு பேச ஆள் இல்லை. பேரனுக்கு ஏழு மாதம். என் மனைவி ஆவுடையம்மாள் என்னோடு நேருக்கு நேர் பேசி ஒன்பது மாதம் ஆகிறது. அது ஒரு சின்ன விஷயம், பிறகு எழுதுகிறேன்.

கூட்டுறவு வங்கி கொடுத்த போன வருஷ டைரி இது. கிழமையை அடித்துத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் 17, புதன்

ஆவுடை பேசவே மாட்டாள் என்று இல்லை. பேசுவாள், என்னிடம் பேச மாட்டாள். காலையில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஏல சின்னவனே, ஒங்க தாத்தாவுக்குக் காப்பி ஆறிப்போகுதாம், குடிக்கச் சொல்லு."

பேரன் வாயிலிருந்த ரப்பரைத் துப்பினான். செய்தி வந்து சேர்ந்ததாக எடுத்துக்கொண்டு குடித்தேன். ஊரில் குழந்தை கிடையாது, பிரஷர் குக்கரைப் பார்த்துத்தான் எனக்குச் சொல்லுவாள். இது முன்னேற்றம்.

அந்தச் சின்ன விஷயம் ஒரு மரம் சம்பந்தப்பட்டது. புறவாசலில் ஒரு கிளிமூக்கு மாமரம் நின்றது. இப்போது இல்லை. அவ்வளவுதான்.

செப்டம்பர் 25, வியாழன்

பூங்காவில் பேரனை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறோம். அவள் முன்னால், நான் நாலடி பின்னால், வழிப்பறிக்காரன் மாதிரி. புடவைக்கு மேலே ஸ்வெட்டர், அதற்கு மேலே மாப்பிள்ளையின் மழைக்கோட்டு, காலில் மகளின் விளையாட்டுச் செருப்பு. அந்தக் கோலத்தில் ஒரு பெரிய ஓக் மரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். ஏதாவது மயக்கமோ என்று கிட்டப் போனேன். இல்லை. நன்றாகத்தான் நின்றாள்.

நாயோடு வந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் இதைப் பார்த்துவிட்டுத் தானும் மறுபக்கம் கை வைத்து நின்றாள். பெயர் மோரீன், நம் வயதுதான் இருக்கும். பெயரைச் சொன்னதோடு சரி, வேறு பேச்சு வார்த்தை ஒன்றும் இல்லை. கடைசியில் இருவரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் தலையாட்டிக்கொண்டார்கள். நாயும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அக்டோபர் 5, ஞாயிறு

மோரீன் வீட்டுக்கே வந்துவிட்டாள். மகள் உட்கார்ந்து கேட்டு எனக்கு விளக்கினாள். அந்த அம்மாள் ட்ரூயிட்டாம். அந்தக் காலத்தில், கிறிஸ்தவம் வருவதற்கு முன்னால், இந்த நாட்டில் மரத்தடியில் பூசை செய்த பூசாரிகள் அவர்கள். ரோமாபுரிப் படை வந்து அழித்துவிட்டது. அவர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை. அதனால் இன்றைக்கு இருப்பவர்கள் அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்து யோசித்துச் செய்கிறார்கள். சூரியன், மரம், மழை, பருவம் இதுதான் சாமி. வருஷத்துக்கு எட்டுத் திருவிழா. புத்தகம் கிடையாது, சத்தியம் கிடையாது, யார் வேண்டுமானாலும் சேரலாம்.

எழுதி வைக்காததை வைத்து ஒரு மதமா என்று மகளிடம் கேட்டேன். நம் சாதிச் சங்கத்து மாநாட்டு மலரில் நாம் பாண்டியனின் தளபதி வம்சம் என்று போட்டிருக்கிறதே, அதை யார் எழுதி வைத்திருந்தார்கள் என்று திருப்பிக் கேட்டாள். நர்சு வேலைக்குப் போனபிறகு இவளுக்கு ஊசி போடும் பழக்கம் வந்துவிட்டது.

மோரீன் போனபிறகு மகள் இன்னொன்றும் சொன்னாள். "அப்பா, அம்மா மார்ச்ல ஒங்க கூட சங்கரன்கோயிலுக்கு வரல. மதுரையில எறங்கி நேரா தேனிக்கு மாமா வீட்டுக்குப் போறாளாம். அங்கயே இருக்கப் போறாளாம். எங்கிட்ட சொல்லிட்டா, நான் ஒங்ககிட்ட சொல்லணுமாம்."

தம்பி வீட்டில் போய் எத்தனை நாள் இருப்பாள் என்று கேட்டேன். மகள் பேரனின் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு மரத்துக்காக. வெட்டத்தான் வேண்டியிருந்தது, கார் ஷெட் போட வேறு இடம் ஏது? கார் எங்கே என்று கேட்கக் கூடாது. மாப்பிள்ளை ஊருக்கு வந்தால் வாடகைக் கார் எடுப்பார் அல்லவா, அதை வெயிலில் நிறுத்த முடியுமா? மாப்பிள்ளை இன்னும் வரவில்லை. இப்போதைக்கு என் டிவிஎஸ் வண்டி நிற்கிறது. ராஜா மாதிரி நிற்கிறது.

போகட்டும். எனக்கும் சோறு பொங்கத் தெரியும்.

அக்டோபர் 6, திங்கள்

சோறு பொங்கிப் பார்த்தேன். பேரனுக்குக் கொடுக்கலாம் என்கிற பதத்தில் வந்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

மோரீன் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அதில் சில ஓக் மரங்கள், நடுவில் வட்டமாகப் புல். அதுதான் இவர்களின் கோயில். ஆவுடை போகிறாள். அவளைத் தனியாக அனுப்ப முடியாது என்று நானும் போனேன். அவள் கேட்கவில்லை, நானாகத்தான் போனேன்.

பதினைந்து பேர் இருப்பார்கள். தலைவர் நைஜல், நகராட்சியில் வரி வசூல் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை அங்கி, அதற்கு மேலே பனிக்கோட்டு, கையில் தடி. பூசை ஆரம்பிப்பதற்கு முன் கார்களை எங்கே நிறுத்த வேண்டும், எங்கே வழுக்கும், யாருக்காவது கடலை ஒத்துக்கொள்ளாதா என்று வாசித்தார். நம் சுடலைமாடன் கோயில் கொடையில் தீச்சட்டி எடுக்கிறவனிடம் இப்படி யாராவது கேட்டிருந்தால் சாமியே மலை ஏறியிருக்கும்.

பிறகு ஒவ்வொரு திசையாகத் திரும்பி நின்று ஒரு கேள்வி. கிழக்கில் அமைதி உண்டா? உண்டு என்கிறார்கள் எல்லோரும். தெற்கில் அமைதி உண்டா? உண்டு. மேற்கு, வடக்கு, எல்லாம் உண்டு. அமைதி இருந்தால்தான் மேற்கொண்டு பூசை. எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் அடுக்களைப் பக்கம் திரும்பிக் கேட்டிருந்தால் பூசை அங்கேயே முடிந்திருக்கும்.

அப்புறம் ஆ என்றும் ஊ என்றும் மூக்கால் இழுத்தார்கள். நிறை லோடோடு செங்கோட்டை மலையில் முதல் கியரில் ஏறுகிற வண்டிச் சத்தம். ஆவுடை கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். வாய் திறக்கவில்லை. முடிந்ததும் நைஜல் அவளைக் கும்பிட்டார். இவளுடைய மௌனத்தில் ஒரு ஆழம் இருக்கிறது என்று மோரீனிடம் சொன்னாராம்.

ஆழமாம். அது கோபம் ஐயா. நான் பத்து மாதமாக அதில்தான் நீச்சல் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 20, திங்கள்

மோரீன் என்னைத் தனியாகப் பிடித்து, உங்கள் மரத்துக்காக வருந்துகிறேன் என்று மெதுவாகச் சொன்னாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிக்கிறவனைத் தெருவே பார்க்கும் பார்வை. ஆவுடைக்கு மொத்தம் பத்துப் பன்னிரண்டு ஆங்கில வார்த்தை தெரியும். அதில் மரம், வெட்டு, வீட்டுக்காரர் மூன்றும் இருக்கும் போலிருக்கிறது.

நவம்பர் 1, சனி

நேற்று இவர்களுக்குச் செத்தவர்களின் நாள். நம் அமாவாசை மாதிரி. படையல் என்று பார்த்தால் ஒரு ஆப்பிள், ஒரு துண்டு கேக், கொஞ்சம் ஓட்ஸ். எங்கள் அப்பாவுக்கு இதை வைத்தால் இலையைத் தட்டிவிட்டு எழுந்து போய்விடுவார். அவருக்குச் சாராயமும் சுருட்டும் அவித்த முட்டையும் வைத்தே திருப்தி இல்லை என்று கனவில் வருவார். வெள்ளைக்கார ஆவிகளுக்குப் பசி மட்டு.

நெருப்பைச் சுற்றி நின்று, போனவர்கள் பெயரை ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அப்பா, அம்மா, ஒரு தங்கை. ஒருவர் தன் பூனையைச் சொன்னார், அதற்கும் எல்லோரும் தலை குனிந்தார்கள். நான் அப்பா பெயரைச் சொன்னேன். ஆவுடையின் முறை வந்தது. அவள் அப்பா, தேவர்குளத்து மாமா, தங்கமான மனுசர். என் வண்டியில்தான் போய் வருவார், சில்லறையைச் சரியாக வைத்திருப்பார், அப்படித்தான் எனக்குப் பெண்ணே கொடுத்தார். அவர் பெயரைச் சொல்லுவாள் என்று நினைத்தேன்.

"எங்க வீட்டு மாமரம்" என்றாள். தமிழில்தான்.

யாருக்கும் புரியவில்லை. எல்லோரும் தலை குனிந்தார்கள். நானும் குனிந்தேன், நிமிர்ந்து நின்றால் நன்றாக இருக்காது அல்லவா.

அவள் வைத்த மரம்தான். இல்லை என்று நான் எப்போது சொன்னேன்? பொன்மதி பிறந்த வருஷம் கொட்டை போட்டு, அரிசி கழுவின தண்ணியாக ஊற்றி வளர்த்தாள். நானும் ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. வருஷா வருஷம் அதில் புல்லுருவி விழும். மரத்தின் மேலேயே முளைத்து மரத்தின் சாற்றையே குடிக்கிற சனியன். விட்டால் கொப்புக் கொப்பாகக் காய்ந்துவிடும். நான் அரம்பத்தோடு மேலே ஏறுவேன். அவள் கீழே நின்று விரலை நீட்டி, "அந்தா, அங்கன ஒண்ணு" என்பாள். வெட்டுவேன். "இந்தா, இங்கன" என்பாள். அதையும் வெட்டுவேன். சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்த நாளில்கூட முகம் அப்படி மலர்ந்ததில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

இவர்கள் மேல் எனக்கு இன்று ஒரு பாசமே வந்துவிட்டது. பக்கத்து ஊரில் இன்னொரு ட்ரூயிட் கூட்டம் இருக்கிறதாம். மலை மேல் ஒரு கல் வட்டத்தில் இரண்டு கூட்டமும் சேர்ந்து பூசை செய்தபோது, கிழக்கில் யார் நிற்பது என்று தகராறு வந்து இப்போது பேச்சே இல்லையாம். ஆதியில் நின்றது நாங்கள்தான் என்று இரண்டு பேரும் சொல்கிறார்கள். இரண்டு கூட்டமும் ஆரம்பித்தது எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் வந்ததற்குப் பிறகு.

எங்கள் கொடையில் முதல் பரிவட்டம் யாருக்கு என்று மூன்று வருஷம் கோயிலைப் பூட்டி வைத்திருந்தோம். கமிட்டியில் நானும் இருந்தேன். நைஜலிடம் மகள் மூலமாகச் சொன்னேன், ஆர்டிஓவை வைத்துச் சமாதானம் பேசுங்கள், தீர்ந்துவிடும் என்று. அவர் குறித்துக்கொண்டார்.

டிசம்பர் 16, செவ்வாய்

ஆவுடையும் மோரீனும் இன்று ஒரு சின்ன ஓக் மரத்தடியில் நின்றார்கள். இலையெல்லாம் உதிர்ந்து மரம் மொட்டையாக நிற்கிறது. நடுக்கிளையில், ஏணி வைத்தால் எட்டுகிற உயரத்தில், பந்து போலப் பச்சையாக ஒரு கொத்து. எனக்குத் தூரத்திலேயே தெரிந்துவிட்டது. நம் ஊர்ப் புல்லுருவியின் தம்பி. ஆவுடை அண்ணாந்து பார்த்து விரலை நீட்டி என்னவோ சொன்னாள். முகம் மலர்ந்திருந்தது.

அந்த முகத்தைப் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது. அவள் வாயைத் திறந்து எனக்குச் சொல்ல மாட்டாள். ஆனால் நான் நாலடி பின்னால் நிற்பது தெரிந்துதானே விரலை நீட்டினாள்? கண்டக்டருக்குக் கை காட்டினால் போதும்.

டிசம்பர் 18, வியாழன். மதியம்

காலையில் வேலையை முடித்துவிட்டேன். மோரீன் நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போயிருந்தாள். அவள் கொட்டகையில் ஏணியும் அரம்பமும் இருந்தன. கொத்தை மட்டும் வெட்டினால் மறுபடி முளைக்கும், வேர் கொப்புக்குள் ஓடியிருக்கும். அதனால் ஒரு முழம் கீழே விட்டுக் கொப்போடு அறுத்தேன். வெட்டுவாயில் மகள் வீட்டு மஞ்சளைக் குழைத்து அப்பினேன். அறுபத்து மூன்று வயதில் குளிரில் ஏணி ஏறி ஒரு கோயில் மரத்தைக் காப்பாற்றியிருக்கிறேன். கொத்தைக் கையோடு கொண்டுவந்து அடுக்களை வாசலில் வைத்திருக்கிறேன். அவள் பேரனைக் குளிப்பாட்டிவிட்டு வந்து பார்க்கட்டும்.

டிசம்பர் 18, அதே நாள். சாயங்காலம்

பார்த்தாள்.

கொத்தைப் பார்த்தாள், என் கையில் ஒட்டியிருந்த மஞ்சளைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நேராகச் சொன்னாள்: "இதையும் வெட்டிட்டியளா?"

ஒரு வருஷத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

மகள் ஷிப்ட் முடிந்து வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். விஷயம் இதுதான். ட்ரூயிட்டுகளுக்குப் புல்லுருவிதான் தெய்வீகச் செடி. அதிலும் ஓக் மரத்தில் முளைத்தால் மகா புனிதம், ஏனென்றால் ஓக்கில் அது அனேகமாக முளைக்கவே முளைக்காது. நைஜல் ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரியில் பழத்தைக் கொண்டுவந்து பட்டையில் தேய்த்துத் தேய்த்து, பல வருஷம் கழித்து ஒன்றே ஒன்று பிடித்ததாம். வருகிற ஞாயிறு, குளிர்காலத்தின் மிகச் சிறிய பகல் அன்று, அதில் ஒரே ஒரு கிளையைப் பொன்முலாம் பூசின அரிவாளால் அறுத்து, தரையில் படாமல் வெள்ளைத் துணியில் ஏந்த இருந்தார்களாம். துணியைப் பிடிக்கும் மரியாதை யாருக்கு என்று கமிட்டி கூடி முடிவு செய்திருக்கிறது. ஆவுடைக்கு. அதைத்தான் மோரீன் அன்றைக்கு மரத்தடியில் காட்டிக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஊரில் புல்லுருவி விழுந்தால் அழுவார்கள். இங்கே விழவில்லை என்று அழுகிறார்கள். இது எனக்கு எப்படித் தெரியும்? கேட்டிருக்கலாம் என்கிறாள் மகள். யாரிடம் கேட்பது? "அம்மா கிட்ட. மாமரத்த வெட்டுன அன்னைக்கும் அவ தேனிக்கு சடங்கு வீட்டுக்குல்லா போயிருந்தா, போன் போட்டு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லப்பா."

மரம் வெட்ட ஆள் அந்த வாரம்தான் கிடைத்தது. அவள் ஊரில் இல்லாதது தற்செயல்.

டிசம்பர் 19, வெள்ளி

பேரனிடமும் பேசுவதை நிறுத்திவிட்டாள். காப்பி ஆறினால் ஆறினதுதான்.

டிசம்பர் 20, சனி

நைஜல் வந்தார். கத்தினாலாவது பதிலுக்குக் கத்தலாம். இந்த மனிதர், நேர்ந்தது மிகவும் சுவாரசியமான சம்பவம் என்று சொல்லிவிட்டு டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சர்க்கரை போடாத டீ. கமிட்டியில் பாதிப் பேர் இது இயற்கை கொடுத்த சகுனம் என்கிறார்களாம், பாதிப் பேர் என்னை வட்டத்துக்குள் விடக்கூடாது என்கிறார்களாம். கடைசியில் ஏகமனதாக ஒரு தீர்ப்பு. நாளைக்குப் பூசையில் நான் வட்டத்தின் நடுவில் நின்று மரத்திடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். என் சொந்த மொழியில். மரத்துக்கு எந்த மொழியும் புரியுமாம்.

மரத்திடமா! டெப்போ மேனேஜர் மெமோ கொடுத்தபோதே நான் மன்னிப்புக் கேட்டவன் இல்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு வசதி இருக்கிறது. மகளுக்கு நாளை ஷிப்ட். வருகிறவர்களில் தமிழ் தெரிந்தவள் ஒருத்தி. அவள்தான் என்னோடு பேசுவதில்லையே. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம்.

டிசம்பர் 21, ஞாயிறு

அப்படியே செய்தேன். அதாவது செய்யப் பார்த்தேன்.

தூறல், குளிர். அந்த ஓக் மரம், மஞ்சள் அப்பின கொப்போடு, விபத்தில் கட்டுப் போட்ட ஆள் மாதிரி நின்றது. கிழக்கில் அமைதி உண்டா, தெற்கில் அமைதி உண்டா எல்லாம் முடிந்தது. உண்டு உண்டு என்றார்கள். சிலர் என்னைப் பார்க்காமல் சொன்னார்கள். நைஜல் தடியைத் தரையில் தட்டி, என் பக்கம் கையைக் காட்டினார்.

வாயைத் திறந்தேன். மரத்துக்கு அந்தப் பக்கம் ஆவுடை நிற்கிறாள், கையில் அந்த வெள்ளைத் துணி, ஏந்த ஒன்றும் இல்லாமல். நான் என்ன சொல்கிறேன் என்று புரியப்போவது அவளுக்கு மட்டும்தான். நேற்று வசதியாகத் தெரிந்தது இன்று வசதியாக இல்லை. எதையாவது சொல்லித்தான் ஆக வேண்டும். வாய்க்குத் தானாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அது பாட்டுக்குக் கிளம்பிவிட்டது.

"சங்கரன்கோயில், சங்கரன்கோயில், சங்கரன்கோயில். ஏறு ஏறு. தச்சநல்லூர் கேட்டுக்கிடுங்க, ராஸ்தா நிக்காது. மானூர். மானூர் எறங்கு. உள்ள போங்க, படியில நிக்காதிய. வன்னிக்கோனேந்தல். பனவடலிசத்திரம்."

குரல் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு சத்தமாக நான் எதையும் சொன்னதில்லை. சுற்றிலும் கண்ணை மூடிக்கொண்டார்கள். மோரீன் மூக்கை உறிஞ்சினாள். நைஜலின் உதடு துடித்தது. ஆதி மொழியில் ஒரு ஆத்மா உருகுகிறது என்று நினைத்திருப்பார்கள். பனவடலிசத்திரத்தில் மூச்சு வாங்க நின்றேன்.

மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது.

"தேவர்குளத்த விட்டுட்டியளே."

மானூருக்கும் வன்னிக்கோனேந்தலுக்கும் நடுவே தேவர்குளம். அவள் பிறந்த ஊர். வண்டியை ஒரு நாளும் நிறுத்தாமல் போனதில்லை, கல்யாணத்துக்கு முன்னால் ஆள் இல்லாவிட்டாலும் நிறுத்தினேன், டிரைவர் ஏசுவார். எப்படி விட்டுப்போனது என்று தெரியவில்லை.

"தேவர்குளம்" என்றேன்.

இதுதான் மந்திரத்தின் முடிவு என்று நைஜல் நினைத்துக்கொண்டார். கையைத் தூக்கி, டேவர்க்கூலம் என்றார். வட்டமே திருப்பிச் சொன்னது. இழுத்து, மூக்கால், மூன்று தடவை. டே-வர்-க்கூ-லம். அந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவருக்கு இப்படி ஒரு மரியாதை நடந்தது தெரியாது.

ஆவுடை வெள்ளைத் துணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று மோரீன் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எனக்கு அந்தக் குலுங்கல் தெரியும். பொன்மதியின் கல்யாணத்தில் சம்பந்தி வேட்டி தடுக்கி விழுந்தபோது பார்த்தது.

என்னை வட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். மரம் மன்னித்துவிட்டதாக நைஜல் அறிவித்தார். மரத்தைத்தான் சொன்னார்.

டிசம்பர் 22, திங்கள்

"காப்பி ஆறுது." பேரன் அப்போது மாடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

எழுதி நாளாகிறது. பேச ஆள் இருந்தால் டைரி எதற்கு? அதிகம் இல்லை, உப்பு, பால், குடை அளவுக்குப் பேசுகிறாள். இன்று மோரீன் வீட்டு ஆப்பிள் மரத்திலிருந்து புல்லுருவிப் பழம் பறித்து, நைஜலோடு போய் ஓக் பட்டையில் தேய்த்தோம். பிசுபிசுவென்று கையை விடமாட்டேன் என்கிறது. நம் ஊர் விவசாயி எவனாவது பார்த்தால் காறித் துப்புவான். பிடிக்க இன்னும் பல வருஷம் ஆகும் என்றார் நைஜல். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை போலிருக்கிறது.

தேனியைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மார்ச் 6, வெள்ளி

மதுரையில் இறங்கினோம். மச்சினன் கனகராஜ் காரோடு வந்து நின்றான். அவளுடைய பெட்டியை எடுத்துப் பின்னால் வைத்தான். என் பெட்டியைத் தொடவில்லை. ஆகச் செய்தி தேனிக்கு எப்போதோ போய்விட்டது.

அவள் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள்: "ஷெட்டு நிக்கா?"

"நிக்கி" என்றேன்.

"அதப் பிரிச்சுட்டு போன் போடுங்க. வாரேன்." ஏறிக்கொண்டாள்.

ஆறு மாதம் மரத்தடியில் அமைதி உண்டா அமைதி உண்டா என்று நின்றவள். நான் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்தேன்.

மார்ச் 9, திங்கள்

தகரம் பிரிக்க ஆள் வைக்கவில்லை. ஆள் அகப்படும் வரை காத்திருப்பது எனக்கு ஒத்துவராது. இரண்டு நாளில் முக்கால்வாசி இறக்கிவிட்டேன். எதிர்வீட்டுக்காரர் வந்து, கார் வாங்கப் போறதா சொன்னீங்களே என்றார். மரம் வாங்கப் போகிறேன் என்றேன். லண்டன் போய் வந்தவனுக்குக் கொஞ்சம் முற்றிவிட்டது என்று தெருவில் பேச்சு. டிவிஎஸ் வெயிலில் நிற்கிறது.

போன் போட்டேன். முக்கால்வாசி என்று சொன்னேன். சரி என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 11, புதன்

காலை பஸ்ஸில் வந்துவிட்டாள். பெட்டியோடு. பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைக்கவில்லை, வாசலில் வைத்துவிட்டு நேரே புறவாசலுக்கு வந்தாள். நான் ஏணி மேல் இருந்தேன், மூலையில் கடைசித் தகரம். சிமிண்டுத் தரையைப் பார்த்தாள். மரம் நின்ற இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

அப்புறம் அண்ணாந்து, விரலை நீட்டினாள்.

"அந்தா, அங்கன ஒண்ணு."

தகரத்துக்கும் கம்பிக்கும் நடுவே காய்ந்த புல்லும் பஞ்சுமாக என்னவோ அடைந்து கிடந்தது. கையை ஓங்கிவிட்டேன், ஒரு இழுப்பில் வந்துவிடும். ஓங்கின கையை நிறுத்தினேன்.

"எடுக்கவா, விடவா?" என்று கேட்டேன்.

"குருவிக் கூடு. குஞ்சு இருக்கு, சத்தம் கேக்கலியா? பறக்கிற மட்டும் அந்த மூலைய விட்ருங்க."

ஆகப் புறவாசலில் இப்போது இரண்டு கம்பியும் ஒரு தகரமும் மட்டும் நிற்கின்றன. தெரு முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போகிறது. பெட்டி உள்ளே போய்விட்டது.